நெஞ்சறிய ஒரு முடிவு: மத விடயத்தில் கடினமான தீர்மானம் எடுக்க முழுமையான வழிகாட்டி

கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கும் அந்தோனியார் கோயிலுக்கும் இடையே நடை தூரம்தான். செவ்வாய்க்கிழமைகளில் நெற்றியில் திருநீறோடு மெழுகுதிரி கொளுத்துகிற ஆக்களை அந்தோனியார் முன்னால் காணலாம். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கொழும்பில் மதங்கள் இப்படித்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கச் சொல்லும் வரைக்கும்.

சிக்கல் வருகிற இடங்கள் எண்ணி நாலுதான்: கலியாணம், பிள்ளை, செத்தவீடு, நிறைவேற்ற முடியாத நேர்த்தி. இந்த நாலிலும் முடிவை அவசரத்தில், அழுகைக்கு நடுவில், யாரோ ஒருவரின் முகத்துக்காக எடுப்பவர்களே அதிகம். மனச்சுத்தத்தோடு எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எந்த மதம் சரி என்று இங்கே சொல்லப் போவதில்லை. எந்தப் பக்கம் போனாலும் பிறகு உங்கள் நெஞ்சுக்கு நீங்களே பொய் சொல்லாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதே விடயம்.

படி 1: பெரிய கேள்வியை உடையுங்கள்

"மதம் மாறுவதா, இல்லையா" என்பது பதில் சொல்லக்கூடிய கேள்வியே அல்ல. அது ஒரு மூட்டை. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு தனித்தனிச் செயல்கள் இருக்கும்.

ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள். தொலைபேசி வேண்டாம், அதில் எழுதினால் யாருக்காவது அனுப்பத் தோன்றும். பக்கத்தை நாலு பத்தியாகக் கோடு போடுங்கள்: என்ன செயல், எப்போது, யார் முன்னால், திரும்பப் பெற முடியுமா.

வெள்ளவத்தைச் சைவப் பெண்ணுக்கும் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பையனுக்கும் கலியாணம் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் கொப்பியில் இப்படி வரும்: ஞானஸ்நானம் எடுப்பது, தாலி கட்டுவது கோயிலிலா மாதா முன்னாலா, கலியாணத்துக்குப் பிறகு திருநீறு பூசுவது, புது வீட்டில் சாமிப்படம், வெள்ளிக்கிழமை மரக்கறி, பிள்ளைக்கு ஞானஸ்நானம், அம்மா அப்பாவின் கிரியைகளில் நிற்பது. ஏழு வரிகள். இவற்றில் திரும்பப் பெற முடியாதவை இரண்டே இரண்டு: தன் ஞானஸ்நானம், பிள்ளையின் ஞானஸ்நானம். மற்றவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு வருடம் செய்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

கடைசிப் பத்தியில் "முடியாது" என்று விழுந்த வரிகளுக்கு மட்டும் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். இந்த வழிகாட்டியின் மீதிப் படிகள் எல்லாம் அந்த வட்டங்களுக்குத்தான். அடிக்கடி நடக்கிற பிழை இதற்கு நேர்மாறானது: மண்டபம் பதிவு செய்தாகிவிட்டது, கூறைச்சேலை எடுத்தாகிவிட்டது என்பதற்காகத் திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்துவிடுவார்கள். மண்டபக் காசு போனால் போனதுதான். ஞானஸ்நானம் அப்படி இல்லை; கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி அது வாழ்நாளில் ஒருமுறைதான், அழியாது.

இந்தப் படியிலேயே சில முடிச்சுகள் தானாக அவிழும். கத்தோலிக்கரைக் கட்ட மதம் மாறியே ஆகவேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி ஞானஸ்நானம் பெறாதவரை ஒரு கத்தோலிக்கர் மணப்பதற்கு ஆயரின் விலக்களிப்பு வேண்டும். மாறுவது கட்டாயம் இல்லை. கத்தோலிக்கர் தன் விசுவாசத்தை விடாமல் இருப்பதாகவும், பிள்ளைகளை அந்த விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்வதாகவும் வாக்குக் கொடுக்கவேண்டும். மற்றவர் அந்த வாக்கை அறிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். அவரிடம் வாக்கு வாங்குவதில்லை. ஆனால் "பிள்ளைகள்" என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறீர்கள் என்றால் நீங்கள் இன்னும் கதைக்க வேண்டியதைக் கதைக்கவில்லை. விண்ணப்பத்தைப் பங்குத்தந்தை ஊடாகவே செய்யவேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்பே அவரைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. காலையில் கோயிலில் பாதர் முன்னால், பின்னேரம் மண்டபத்தில் ஐயர் முன்னால் என்று இரண்டு கலியாணம் வைக்கிற வழக்கம் இங்கே இருக்கிறது. மணச் சம்மதத்தை இன்னொரு மதச் சடங்கில் மறுபடி கொடுப்பதைத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. பலர் பாதருக்குச் சொல்லாமல் செய்துவிடுகிறார்கள். ஒளித்துச் செய்வதைவிட, பின்னேர நிகழ்வில் எது சம்மதம் கொடுக்கிற சடங்கு, எது குடும்ப ஆசீர்வாதம் என்று இரு பக்கத்துக் குருமாரிடமும் முன்கூட்டியே கேட்பது நல்லது. சிலவேளை இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் தெரிந்தே நிற்கிறீர்கள்.

படி 2: காரணங்களை அரியுங்கள்

வட்டம் போட்ட ஒவ்வொரு வரிக்கும் ஒரு புதுப் பக்கம். மூன்று தலைப்பு: நம்புவது, பயப்படுவது, கிடைப்பது. இருபது நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள். இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டப் போவதில்லை, ஆகவே அழகாக எழுத வேண்டாம். "மாமி பேசமாட்டா" என்பது பயம். "பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம்" என்பது கிடைப்பது. "செபிக்கும்போது யாரோ கேட்கிறார் என்று தெரிகிறது" என்பது நம்புவது. வெளிநாட்டு விசா, கடனுக்கு உதவி, தனிமை, ஒரு நோய், எல்லாவற்றையும் எழுதுங்கள். பயமும் பயனும் இருப்பது பாவம் அல்ல. அவற்றுக்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதுதான் பிழை.

பிறகு ஒவ்வொரு பயனையும் கையால் மூடிவிட்டுக் கேளுங்கள். இந்தக் கலியாணம் நாளைக்குக் குழம்பினால், அடுத்த ஞாயிறும் அதே ஆராதனைக்குத் தனியாகப் போவேனா? நோய் மாறாவிட்டால்? பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்றால்? "போவேன்" என்ற பதில் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. "அது வேற கதை" என்று மனம் நழுவினால் அந்த இடத்தில் பேனையை வையுங்கள். அங்கேதான் உண்மை இருக்கிறது.

இதே அரிப்பு, மாறாமல் இருக்கப்போகிறவருக்கும் வேண்டும். பல வருடமாக நம்பிக்கை இல்லாமல், அப்பாவுக்குப் பயந்து மட்டும் கோயிலுக்குப் போகிறவர் தான் நேர்மையாக நிற்பதாக நினைக்கக்கூடாது. இருந்த இடத்தில் இருப்பதும் ஒரு முடிவுதான்.

படி 3: நாள் பார்ப்பது

பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை. துடக்குக் காலத்தில், ஆஸ்பத்திரியில் விடிய விடிய முழித்திருந்த மறுநாள், பெரிய நற்செய்திக் கூட்டத்தில் அழுத அன்றிரவு, சண்டை பிடித்த கிழமை: இந்த நாட்களில் வட்டம் போட்ட எதையும் தீர்க்கவேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்: மனம் வறண்டு இருண்டிருக்கும்போது, முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் இது பொருந்தும். அதிக உற்சாகத்துக்கும் இதே எச்சரிக்கையைப் பிடியுங்கள். பொங்கி வந்த பாலை உடனே இறக்கலாம், முடிவை இறக்கக்கூடாது.

ஆறு கிழமை வையுங்கள். ஒவ்வொரு இரவும் கொப்பியில் ஒரே வரி: இன்றைக்கு இந்த முடிவை நினைத்தபோது மனம் எப்படி இருந்தது. அமைதி, நெருடல், சலிப்பு, ஒன்றும் இல்லை. ஒரு நாளை வைத்து எதுவும் தெரியாது. நாற்பது வரியை ஒன்றாக வாசித்தால் தெரியும். திங்கட்கிழமைகளில் மட்டும் நெருடல் என்றால், அது கடவுள் விடயமா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேட்ட பேச்சா என்று பாருங்கள்.

படி 4: கேட்பது

ஒவ்வொரு மதத்திலும் கடவுளிடம் கேட்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வழியும் குறுக்குவழியாக்கப்படுவதும் உண்டு.

முஸ்லிம்களுக்கு இஸ்திகாரா. கடமையல்லாத இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுது, பிறகு நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவித்து புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவான துஆவை (வேண்டுதலை) ஓதி, விடயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவேண்டும். இது என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் எனக்கு இலகுவாக்கு, கெட்டதென்றால் அதை என்னிடமிருந்தும் என்னை அதிலிருந்தும் திருப்பு என்பது அதன் சாரம். கனவு வரவேண்டும் என்று அந்த ஹதீஸில் இல்லை. கனவுக்குக் காத்திருந்து, வந்த கனவை உம்மாவிடம் சொல்லி, உம்மா பலன் சொல்லி, அதன்படி நிக்காஹ் நின்ற வீடுகள் உண்டு. கடமையான ஒன்றைச் செய்வதா என்றோ ஹராமான (விலக்கப்பட்ட) ஒன்றைச் செய்யலாமா என்றோ இஸ்திகாரா கேட்பதும் இல்லை. கேட்ட கையோடு விடயம் தெரிந்தவர்களிடம் மஷூரா (ஆலோசனை) செய்யவும் வேண்டும்.

சைவ வீடுகளில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சந்நிதியில் வைத்து ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. நாள் குறிக்கவோ இரண்டு நல்ல வரனில் ஒன்றைத் தேரவோ கேட்டால் மனம் ஆறும். பிள்ளையின் மதத்தையோ உங்கள் விசுவாசத்தையோ பூவிடம் ஒப்படைத்தால், பிறகு கஷ்டம் வரும்போது பூவைத்தான் திட்டுவீர்கள். ஒரு பயன் மட்டும் நிச்சயம் உண்டு: பொட்டலத்தைப் பிரிக்கும் நொடியில் எந்த நிறம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள் என்பதைக் கவனியுங்கள். அதைக் கொப்பியில் எழுதுங்கள்.

கிறிஸ்தவர்களில் சிலர் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை எடுப்பார்கள். சிலர் போதகரின் தீர்க்கதரிசன வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். வசனத்தை முன்னும் பின்னும் ஒரு அதிகாரம் வாசியுங்கள். தீர்க்கதரிசனம் சொன்னவருக்கு உங்கள் முடிவால் ஏதாவது வருமா என்று பாருங்கள். இஞ்ஞாசியார் வழியில் வந்தவர்கள் இதைத் "தெளிந்து தேர்தல்" என்பார்கள். அதில் ஒரு பயிற்சி எல்லோருக்கும் உதவும்: முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு உங்களிடம் வந்தால் என்ன சொல்வீர்கள்? அதையே உங்களுக்குச் சொல்லுங்கள்.

படி 5: யாரிடம் கதைப்பது

மூன்று பேர் போதும். நீங்கள் இருக்கிற மதத்தின் குரு ஒருவர், போக நினைக்கிற மதத்தின் குரு ஒருவர், இரண்டு பக்கத்திலும் லாபமோ நட்டமோ இல்லாத ஒருவர். ஐயரிடமோ பாதரிடமோ மௌலவியிடமோ பூசை முடிந்த கையோடு வாசலில் பிடித்துக் கேட்காதீர்கள். நேரம் கேட்டு, வட்டம் போட்ட வரியை வாசித்துக் காட்டுங்கள்.

நல்லவர் உங்களைக் காத்திருக்கச் சொல்வார். வளர்ந்தவர்கள் கத்தோலிக்கத்தில் சேர ஆயத்தக் காலம் வைத்து, வழமையாகப் பாஸ்கா திருவிழிப்பில்தான் (உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவு) ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். வந்த கிழமையே திகதி கொடுப்பவர், வீட்டுக்குச் சொல்லாதே என்பவர், பழைய படங்களை உடைத்து வா என்பவர், காசு பற்றி முதலில் கதைப்பவர்: எந்த மதத்தவராக இருந்தாலும் எழும்பி வாருங்கள்.

படி 6: சட்டம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் தவறவிடக்கூடாது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் சுதந்திரம் தருகிறது. மாறுவதற்கு அரசாங்க அனுமதி வேண்டியதில்லை. வேறு வேறு மதத்தவர் மாறாமலே பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தின் (1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம்) கீழ் எழுத்து எழுதலாம்; அறிவித்தல் கொடுத்து வழமையாகப் 12 நாள் காத்திருக்கவேண்டும். முஸ்லிம் விவாகப் பதிவாளரிடம் பதிகிற முஸ்லிம் விவாகச் சட்டம் (1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம்) இருவரும் முஸ்லிம்களாக இருந்தால்தான் பொருந்தும். எந்தச் சட்டத்தில் கட்டுகிறீர்களோ விவாகரத்தும் அதன் வழியேதான், சொத்துரிமையும் மாறலாம். ஆகவே கையெழுத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் அரை மணித்தியாலம் இருங்கள். பொதுச் சட்டத்தில் கட்டிய ஒருவர் இஸ்லாத்துக்கு மாறி, முதல் கலியாணம் இருக்கவே இரண்டாவது கட்ட முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

பிள்ளை விடயத்தில் ஒரு சின்னத் தகவல். சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். சைவநெறி படித்து வந்த பிள்ளையைப் பத்தாம் ஆண்டில் கத்தோலிக்கத்துக்கு மாற்றினால் புதுப் புத்தகத்தோடு பிள்ளைதான் முழிக்கும். மாற்றுவதென்றால் ஆறாம் ஆண்டுக்கு முன், அல்லது பரீட்சைக்குப் பின்.

நேர்த்தி வைத்துவிட்டு முடியாமல் நிற்பவர்களுக்கு

முதலில் பாருங்கள்: யார் வைத்த நேர்த்தி? அம்மா வைத்தது உங்களைக் கட்டாது. "மகன் பாஸ் பண்ணினால் தூக்குக்காவடி எடுப்பான்" என்று அம்மா வேண்டியிருந்தால், மகனிடம் கேட்காமல் வேண்டியது அம்மாவின் அன்பு. கடன் மகனுடையது அல்ல. கத்தோலிக்கச் சட்டத்தில் இது வெளிப்படையாகவே இருக்கிறது: வாக்கு அதைக் கொடுத்தவரை மட்டும் கட்டும். தனிப்பட்ட வாக்கை அதற்குச் சமமான அல்லது மேலான நன்மையாகக் கொடுத்தவரே மாற்றிக்கொள்ளலாம். பங்குத்தந்தை விலக்கும் அளிக்கலாம். இஸ்லாத்தில் பாவமான நேர்ச்சையை நிறைவேற்றவே கூடாது. முடியாமல் போன நேர்ச்சைக்குச் சத்தியத்தை முறித்ததற்கான பரிகாரத்தையே மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள்: பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு அல்லது உடை, இயலாவிட்டால் மூன்று நாள் நோன்பு. உங்கள் நேர்ச்சை எந்த வகை என்று மௌலவியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சைவத்தில், உடம்பு இடம் கொடுக்காவிட்டால் வேண்டிய கோயிலுக்கே போய் அந்தச் சந்நிதியில் சொல்லி, அன்னதானமாகவோ அபிஷேகமாகவோ மாற்றிச் செய்வது வழக்கம். வேறு கோயிலில் கணக்குத் தீர்க்காதீர்கள், மனம் ஆறாது.

செத்தவீடு: முன்பே தீர்க்கவேண்டியது

மாறிய பிள்ளைக்கு மிகக் கடினமான நாள் கலியாண நாள் அல்ல, அப்பாவின் கடைசி நாள். கொள்ளி வைப்பது யார் என்று ஐயர் கேட்கும்போது வீடு நிறையச் சனம் இருக்கும். பதில் சொல்ல ஐந்து நிமிடம்கூட இராது.

அப்பா இருக்கும்போதே அவரிடமே கேளுங்கள். கேட்கவே கூச்சமாக இருக்கும். கேட்டபின் இருவருக்கும் பாரம் குறையும். படி 1 இல் செய்ததுபோல இதையும் செயல்களாகப் பிரியுங்கள்: உடலைக் குளிப்பாட்டுவது, சுண்ணம் இடிக்கையில் நிற்பது, வாய்க்கரிசி போடுவது, பாடை தூக்குவது, கொள்ளிக்குடம் எடுத்துச் சுற்றுவது, தீ வைப்பது, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி. இவற்றில் உங்கள் புது விசுவாசத்துக்கு எது வழிபாடு, எது பெற்றவருக்குச் செய்யும் கடமை? உங்கள் போதகரிடம் இந்தப் பட்டியலையே காட்டிக் கேளுங்கள். பொதுவாக "கலந்துகொள்ளலாமா" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தூக்குவதும் குளிப்பாட்டுவதும் நிற்பதும் செய்து, தர்ப்பை போடுவதை மட்டும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். முழுவதும் செய்துவிட்டுத் தன் சபையில் போய்ச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்யாத பங்கை யார் செய்வது என்பதைப் பெயர் சொல்லித் தீருங்கள்: தம்பி, பெறாமகன், பேரன். அவரிடம் முன்பே கேட்டு, ஐயருக்கும் சொல்லி வையுங்கள். பொரளை கனத்தை மயானத்தில் தகனசாலைக்கு நேரம் குறித்திருப்பார்கள். வாசலில் நின்று வாதிட இடம் இல்லை.

வீட்டுக்குச் சொல்வது

அம்மாவிடம் முதலில், தனியாக, சமைத்து முடிந்த பின்னேரத்தில். சாப்பாட்டுக்கு முன் வேண்டாம், ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். முடிவை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் அவர்கள் அதைவிடப் பெரிய ஒன்றைக் கற்பனை செய்துவிடுவார்கள்.

"அம்மா, நான் ஞானஸ்நானம் எடுக்கப் போறன். சித்திரையில. உங்கட வெள்ளிக்கிழமைக்கு நான் வழமைபோல கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவன், உள்ளுக்கு வரமாட்டன், வாசல்ல நிற்பன். அப்பாட திவசத்துக்கு இருப்பன்."

என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை, திகதி. இவ்வளவும் அந்த நாலு வரியில் இருக்கிறது. வேதம் விளக்கவேண்டாம், அவர்கள் மதத்தில் பிழை சொல்லவேண்டாம். "ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்றுதான் முதல் கேள்வி வரும். "நான்தான் யோசிச்சன், ஆறு கிழமை" என்று சொல்ல முடியும் என்றால் கொப்பி வேலை செய்திருக்கிறது.

கேட்கிற பெற்றோருக்கும் ஒன்று. திருநாவுக்கரசர் சமணத்துக்குப் போய்த் தருமசேனராக இருந்தவர். சூலை நோயோடு அவர் திரும்பி வந்த இரவு, தமக்கை திலகவதியார் திருவதிகையில்தான் இருந்தார். போன தம்பிக்கு வரவேண்டிய வழி தெரிந்திருந்தது.

முடிவுக்குப் பிறகு

முதல் மூன்று மாதத்தில் புதிதாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்: சபைப் பொறுப்பு, சாட்சி சொல்லும் மேடை, ஊழியப் பயிற்சி, நீண்ட யாத்திரை. பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், எழுத்துப் பத்திரம் எல்லாவற்றின் மூலப்பிரதியையும் நீங்களே வைத்திருங்கள். குருவுக்குப் பிரதி போதும். மாறாமல் இருக்கத் தீர்மானித்தவர், மற்றப் பக்கத்தவருக்கு அதை ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள். பதிலில்லாமல் இழுத்தால் அவர்கள் உங்களுக்காக நாள் குறித்துக்கொண்டே இருப்பார்கள்.

சாமியறைப் படங்கள், குத்துவிளக்கு, திருநீற்றுக் குடுவை, செபமாலை, பழைய ஓதல் கிதாபுகள்: குப்பையிலும் போடவேண்டாம், வெள்ளவத்தைக் கடலிலும் விடவேண்டாம். ஒரு சுத்தமான துணியில் சுற்றி, அவற்றை இன்னும் வணங்குகிற ஒருவர் கையில் நேரே கொடுங்கள். தங்கச்சி இருந்தால் தங்கச்சிக்கு. குத்துவிளக்கைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.